கூப்பிட ஒரு பேர்

சௌந்திரத்துக்குப் பெண் குழந்தை பிறந்து இருபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அதன் பேரை எப்படி எழுதுவது என்று ஆண்பிள்ளைகள் மூன்று தடவை வாசலில் கூடிப் பேசிவிட்டார்கள். என்ன பேர் என்பதில் அவர்களுக்குள் தகராறே இல்லை. அது அவள் புருஷன் மயில்சாமிக்குக் கல்யாணம் ஆகும் முன்பே முடிவான விஷயம். பெற்ற தாய் அவனுக்கு மூன்று வயதிலேயே கண்ணை மூடிவிட்டாள். இடுப்பில் தூக்கிச் சோறூட்டி ஆளாக்கியவள் அக்காள் வள்ளியாத்தாள். பதிமூன்று வயதில் கட்டிக் கொடுத்து, பதினைந்தில் தாலியறுத்து, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். தனக்குப் பெண் பிறந்தால் அக்காள் பேர்தான் என்று மயில்சாமி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

அது வெகுதானிய வருஷத்து ஐப்பசி மாதம். திருச்செங்கோட்டிலிருந்து குமாரபாளையம் போகிற வழியில் உள்ள புளியங்காட்டூரில், மணியகாரர் கந்தவேல் பிறப்பு இறப்பு எழுதுகிற நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து மயில்சாமி வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி சின்னண்ணனும் வந்துவிட்டார். யாரும் கேட்காமலே யோசனை சொல்லக்கூடிய ஆள் அவர்.

"வள்ளியாத்தாள்னு எழுதறதா, வள்ளியம்மாள்னு எழுதறதா? அதைச் சொல்லு மொதல்ல" என்றார் மணியகாரர். "இப்பெல்லாம் ஆத்தாள்னு எழுதுனா பள்ளிக்கூடத்துல வாத்தியாரே சிரிக்கறாரு. அம்மாள்னு போட்டுட்டாப் பாக்கறதுக்கு லட்சணமா இருக்கும்."

"அக்கா பேரு ஆத்தாள்னுதானுங்க முடியுது. அதுல பாதிய வெட்டிப் போட்டு வேறொண்ண ஒட்ட வெச்சா, அது அக்கா பேராகுமுங்களா?" என்றான் மயில்சாமி.

"நாமக்கல்லுல என்ற மச்சான் ஊட்டுல ரெண்டு பேரு வெக்கறாங்க" என்று சின்னண்ணன் ஆரம்பித்தார். "பெரியவங்க பேரு ஒண்ணு. நடுவுல கூப்புடறதுக்கு ஷோக்கா ஒரு பேரு. ரெண்டையும் சேத்து எழுதிப் போட்டுட்டா யாருக்கும் மனத்தாங்கல் இல்ல."

"ரெண்டு பேரு எழுத இந்தக் கட்டத்துல எடமில்லீங்க" என்று மணியகாரர் நோட்டைத் திறந்து காட்டினார். கட்டம் சின்னதுதான். மூன்று தலைகளும் அதன்மேல் கவிழ்ந்தன. எழுத்தைப் பொடியாக எழுதினால் அடங்குமா என்று வெகுநேரம் பேசினார்கள்.

இத்தனை யோசனை செய்தவர்களில் ஒருவருக்காவது, அந்தப் பேரை நாளைக்கு நூறு தடவை கூப்பிட வேண்டியவள் யார் என்கிற நினைப்பு வரவில்லை. அவள் கதவுக்குப் பின்னால் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலும் பிரயோசனம் இல்லை. இந்தப் பேர் வேண்டாம் என்று சொல்வதற்கும் அந்தப் பேரை வாயால் சொல்லித்தானே ஆக வேண்டும். சௌந்திரத்தால் அது ஆகாது.

புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பேரை வீட்டுக்கு வந்த மருமகள் சொல்லக் கூடாது. வந்து எட்டு வருஷத்தில் சௌந்திரம் ஒரு நாளும் நாக்குத் தவறியதில்லை. புருஷனின் அக்காளை அவள் நங்கை என்று கூப்பிடுவாள். அந்தப் பேரில் வள்ளி இருப்பதால் வள்ளிக்கிழங்கு அவளுக்குச் 'சிவப்புக் கிழங்கு'. முருகன் கோயிலுக்குப் போனால், 'தெய்வானையும் அந்தப் பக்கம் நிக்கறவங்களும்' என்பாள். மாமனார் பேர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கிற ஈசுவரன் பேரும் அதுவே என்பதால், தேருக்குப் போகும்போதுகூட 'மலைமேல இருக்கறவரே' என்று பொதுவாகக் கும்பிட்டுவிட்டு வருவாள். ஆண்டவனுக்கு அது புரிந்திருக்கும். ஊரில் எல்லாப் பெண்களும் இப்படித்தான் இருந்தார்கள்; இதில் கெட்டிக்காரி என்று பேர் வாங்குவதில் அவர்களுக்குள் போட்டியும் உண்டு. சௌந்திரமும் ஒரு காலத்தில் அந்தப் போட்டியில் முன்னால் நின்றவள்தான்.

மூத்தவன் பிறந்தபோது வழக்கப்படி தாத்தாவின் பேர் வைத்தார்கள். வைத்ததோடு சரி, வீட்டில் அவனை ஒருவரும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. மயில்சாமிக்கும் அக்காளுக்கும் அது பெற்ற தகப்பன் பேர். சௌந்திரத்துக்கு மாமனார் பேர். மயில்சாமி "டேய்" என்பான். பெண்கள் இருவரும் "சாமி" என்பார்கள். கூட விளையாடுகிற பிள்ளைகள் மட்டும் "அர்த்தநாரி, அர்த்தநாரி" என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள். அதைக் கேட்கும்போது சௌந்திரத்துக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பையனுக்கு நாலு வயது நடக்கும்போது, மாசி மாதத்தில் ஒரு நாள் தோட்டத்துக் கிணற்றில் கவலை ஏற்றம் ஓடிக்கொண்டிருந்தது. பண்ணையத்து ஆள் மாரி எருதுகளை முன்னும் பின்னும் நடத்தித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். உருளைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. மாமனார் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நங்கை கிணற்றுக்கு அந்தப் பக்கம் பருத்திக் காட்டில் நின்றிருந்தாள். சௌந்திரம் சோற்றுக் கூடையோடு வரப்பில் வந்தாள். வரும்போதே பார்த்துவிட்டாள். பையன் கிணற்று விளிம்பில் கல்லுக்குக் கல் தாண்டி நடந்துகொண்டிருந்தான். உள்ளே குருவிக் கூடு ஏதோ தொங்கியிருக்க வேண்டும். குனிந்து அதையே பார்த்தபடி நடந்தான். அப்போது அந்தக் கிணற்றுக்குச் சுவர் கிடையாது.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். "சாமி, சாமி, சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்.

வேப்பமரத்தடியில் இருந்து மாமனார் திரும்பி, "ஏஞ் சாமி?" என்றார். எருமை மேய்த்துக்கொண்டிருந்த அடுத்த தோட்டத்துக் கிழவரும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நின்று பார்த்தார். பையன் திரும்பவில்லை. அந்தச் சீமையில் பெரியவரும் சாமி, சின்னவரும் சாமி, வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாரும் சாமி. நாளெல்லாம் காதில் விழுகிற ஒரு வார்த்தை, இந்தத் தடவை தனக்கு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பேர் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. மாமனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்த பேர் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. அடுத்த எட்டில் பையனின் கால் சறுக்கியது.

"மாரி, மாரி" என்று கத்தினாள். மாரி எருதுகளை விட்டுவிட்டுக் கிணற்றுக்குள் குதித்துத் தூக்கினான். உயிருக்கு மோசமில்லை. பாறைத் திட்டில் பட்டு வலது கால் முறிந்துவிட்டது. கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகத்தான் கூடியது. இப்போது ஏழு வயதாகிறது. காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறான். ஊரார் சுவர் இல்லாத கிணற்றைக் குறை சொன்னார்கள். கிரகத்தைக் குறை சொன்னார்கள். மாமனார் அடுத்த மாதமே இடுப்பளவுக்குச் சுவர் கட்டினார். போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பண்ணையத்து ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட வாய், பெற்ற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. இது சௌந்திரத்துக்குத்தான் தெரியும். பையன் வாசலில் நடந்து போகும் ஒவ்வொரு தடவையும் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மணியகாரர் நோட்டை மூடிக்கொண்டு போன அன்று மத்தியானம், மயில்சாமி சாப்பிட உட்கார்ந்தபோது சௌந்திரம் மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு அந்தப் பேரு வேண்டாமுங்க."

"எந்தப் பேரு?"

"நீங்க வெக்கலாங்கற பேரு."

மயில்சாமி பிசைந்த சோற்றை அப்படியே வைத்தான். "ஏன்?"

பையன் காலைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நான் பேரைச் சொல்லியிருந்தால் உங்கள் மகன் இன்றைக்கு நேராக நடப்பான் என்று எந்தப் பெண்சாதி புருஷனிடம் சொல்வாள்? "ராஜம்மான்னு வெக்கலாமுங்க" என்றாள்.

"ராஜம்மாவா? அது யாரு?"

"யாருமில்லீங்க. அதுக்குத்தான்."

"உனக்குப் பித்துப் புடிச்சிருச்சா புள்ளே? அக்காகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மயில்சாமி நல்லவன்; ஆனால் ஒரு விஷயத்தைப் பதமாகச் சொல்லும் வித்தையை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கை கழுவியவன் நேரே கொல்லைப்பக்கம் போனான். அங்கே வள்ளியாத்தாள் தன் சின்ன வயதுக் கால் தண்டை இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்துப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னண்ணனின் பெண்சாதி சின்னாயி உட்கார்ந்து பழமை பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன்ற பேரு வேண்டாங்கறா அவ" என்று மயில்சாமி ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

வள்ளியாத்தாள் ஒன்றும் கேட்கவில்லை. துலக்கிய தண்டையைக் கழுவித் துடைத்தாள். "அவ பெத்த புள்ள. அவ இஷ்டப்படியே வெக்கட்டும்" என்றாள். எழுந்து போய்த் தண்டையைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

மறுநாளிலிருந்து அவள் குழந்தையைத் தொடவில்லை. பிறந்த நாள் முதல் காலை நீட்டி, கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வார்த்தவள் அவள்தான். இப்போது வெந்நீரைக் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு, "சின்னாயி வந்து ஊத்துவா" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். சௌந்திரத்துக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. பூண்டு, கருவாட்டுக் குழம்பு எல்லாம் வேளை தவறாமல் தட்டில் வந்தன. வைத்த கை மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடும். மயில்சாமி இருவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் பெரும்பாலும் வெளியிலேயே இருந்தான்.

பேர் வைக்கிற நாள் முப்பத்தொன்றாம் நாள் என்று முடிவாகியிருந்தது. அன்று காலையில் சின்னாயி வந்து குழந்தைக்குக் குளிக்க வார்த்துக்கொண்டே குரலைத் தணித்து, "நீ சொன்னதுதாஞ் சரி அம்மிணி" என்றாள்.

"என்னதுங்க?"

"மொதப் பொண்ணுக்குப் போயித் தாலியறுத்தவ பேர வெப்பாங்களா? நான் அன்னைக்கே அவகிட்டச் சொல்லிட்டேன், சௌந்திரம் நெனைக்கறதுல ஞாயம் இருக்குதுன்னு. அவளும் ஆமான்னு கேட்டுக்கிட்டா. அதுனாலதான் புள்ளையத் தொடறதே இல்ல, நல்ல மனசு. இன்னைக்கும் பாரு, கண்ணுல படாம காட்டுக்குப் போயிட்டா. பேர நான் சொல்லிர்றேன், நீ கவலைப்படாத."

சௌந்திரம் குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அத்தைக்காரிதான் குழந்தையின் காதில் பேர் சொல்ல வேண்டும் என்பது முறை. நங்கை தன் பேருக்கு வந்த அவமானத்தையும் வாங்கிக்கொண்டு, அந்த முறையையும் விட்டுக்கொடுத்துவிட்டு, பெரிய மனசோடு ஒதுங்கிப் போயிருக்கிறாள். தான் நினைக்காத ஒன்றைத் தான் நினைத்ததாக எட்டு நாளாக வீடே நம்பியிருக்கிறது. வாயைத் திறக்காததால் முதலில் ஒரு கால் போயிற்று. இப்போதும் திறக்காவிட்டால் ஒரு மனுஷியே போய்விடுவாள் என்று அவளுக்குத் தோன்றியது. ஈரத் தலையோடு இருந்த குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பச்சப்புள்ளையத் தூக்கிட்டு எங்க போற?" என்று சின்னாயி பின்னாலிருந்து கேட்டாள். சௌந்திரம் நிற்கவில்லை.

நங்கை கிணற்று மேட்டில் அவரைப் பந்தலுக்கு அடியில் நின்று காய் பறித்துக்கொண்டிருந்தாள். கவலை ஓடாத நாள், சத்தமே இல்லை. சௌந்திரம் வருவதைப் பார்த்ததும் மடியில் இருந்த காயைக் கூடையில் கொட்டினாள்.

"ஒறம்பரைச் சனமெல்லாம் வர நேரம். புள்ளையத் தூக்கிட்டு வெயில்ல வருவியா? ஊட்டுக்குப் போ."

"நீங்க வராம எப்படீங்க? நீங்கதானுங்க பேரு சொல்லோணும்."

"சின்னாயி இருக்கறா. தாலியோட இருக்கறவ சொன்னாத்தான் புள்ளைக்கு நல்லது."

"நான் அதுக்காவ வேண்டாங்கலீங்க நங்கை."

"எதுக்காவ வேண்டாம்னாலும் சரிதான். என்ற பேரு ராசியில்லாத பேருன்னு எனக்கே தெரியும். உனக்குத் தெரிஞ்சா அதுல என்ன குத்தம்?" என்றாள் நங்கை. குரலில் கோபம் இல்லை. அதுதான் சௌந்திரத்தால் தாங்க முடியவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குக் கூப்புடோணுமுங்க" என்றாள். "அவ்வளவுதானுங்க. என்ற புள்ளைய நான் பேரு சொல்லிக் கூப்புடோணும். மூத்தவன என்னால கூப்புட முடியலீங்க. அன்னைக்கு இந்தக் கெணத்து மேல அவன் நடந்தப்போ நான் பாத்துட்டேன். சாமி சாமின்னுதான் கத்துனேன். மாமா திரும்புனாங்க. அந்த எருமக்காரத் தாத்தா திரும்புனாரு. அவன் திரும்பலீங்க. பேரு வாய் வரைக்கும் வந்துச்சு. மாமா பாத்துட்டு இருக்கறாங்களேன்னு முழுங்கிட்டேன். முழுங்காம இருந்திருந்தா என்ற புள்ள நேரா நடப்பானுங்க. இவளுக்கும் அப்படி ஒரு பேர வெச்சுட்டா, நாளைக்கு இவ எங்காச்சும் போயி நின்னா, நான் என்னன்னு சொல்லிக் கூப்புடறது?"

மூன்று வருஷமாகச் சொல்லாததைச் சொன்ன பிறகு அவளுக்கு மூச்சு வாங்கியது. நங்கை கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நானும் இங்கதான் இருந்தேன்" என்றாள்.

"தெரியுமுங்க. அக்கட்டப் பருத்தி எடுத்துட்டு இருந்தீங்க."

"எடுக்கல. நிமுந்து நின்னு அவனத்தான் பாத்துட்டு இருந்தேன். நீ வாரதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். நானும் சாமின்னுதான் கூப்பிட்டேன். எங்கப்பன் மரத்தடியில உக்காந்திருக்கறாரு, அவரு பேர நான் எப்படிச் சொல்லுவேன்? கவலைச் சத்தத்துல நான் கூப்பிட்டது உனக்கே கேக்கல. நீ கூப்பிட்டது ரெண்டாவது, சௌந்திரம். மொதல்ல கூப்பிட்டது நான்."

சௌந்திரம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இந்த மூன்று வருஷமும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பையனுக்கு மாற்றி மாற்றிக் காலுக்கு எண்ணெய் நீவிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். தான் ஒருத்திதான் குற்றவாளி என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

"சரி, அது போவட்டும்" என்று நங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ராஜம்மான்னே வெப்போம். நான் வந்து சொல்றேன். கூப்புட முடியாத பேர வெச்சுக்கிட்டு என்ன பண்றது? எனக்கும் வேற ஒண்ணுமில்ல. எங்கம்மா செத்ததுக்கப்பறம் என்னை யாரும் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. அப்பன் அம்மிணிம்பாரு. தம்பி அக்காங்கறான், நீ நங்கைங்கற, பையன் அத்தைங்கறான். கட்டுனவரு ரெண்டு வருஷமும் 'இந்தா'ன்னுதான் கூப்பிட்டாரு. ஊட்டுல ஒரு புள்ளைக்கு அந்தப் பேரு இருந்தா, யாராச்சும் கூப்புடறப்போ காதுல உழுகுமேன்னு ஒரு ஆசை. பெத்தவளால அதக் கூப்புட முடியாதுங்கறத நான் யோசிக்கல. கிறுக்கச்சி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்கச் சௌந்திரத்துக்கு அழுகைதான் வந்தது.

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நங்கை முன்னால் நடந்தாள். வரப்பில் பத்து அடி போயிருப்பாள். சௌந்திரம் குழந்தையோடு எழுந்து நின்றாள். கால் நகரவில்லை. வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. எட்டு வருஷப் பழக்கம் நாக்கை மடக்கிப் பிடித்துக்கொண்டது. மறுபடியும் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டாள்.

"வள்ளியாத்தா."

"இதா வாரேன்" என்றாள் நங்கை.

யோசிக்காமல் வந்த பதில் அது. அடுப்படியில் இருக்கும் சின்னப் பெண், தாய் வாசலில் இருந்து கூப்பிட்டால் சட்டென்று கொடுக்கிற பதில். முப்பது வருஷத்துக்கு மேலாக அது அவளிடமே இருந்திருக்கிறது, கேட்பாரில்லாமல் இருந்திருக்கிறது. சொன்ன பிறகுதான் அவளுக்கே சுரணை வந்தது. திரும்பி நின்றாள். கூடை சரிந்து அவரைக்காய் வரப்பெல்லாம் கொட்டியது. இருவரும் அதைப் பொறுக்கவில்லை.

"இன்னொருக்கா கூப்புடு" என்றாள் நங்கை.

சௌந்திரம் கூப்பிட்டாள். இந்தத் தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

வீட்டு வாசலில் உறவுக்காரர்கள் இருபது பேருக்குமேல் கூடியிருந்தார்கள். நங்கை உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து தண்டையை எடுத்து வந்தாள். சௌந்திரம் எல்லோர் முன்னிலையிலும் குழந்தையை அவள் மடியில் வைத்தாள். சின்னாயிக்கு வாய் கோணியது. சின்னண்ணன் தொண்டையைச் செருமினார். நங்கை குழந்தையின் காதில் குனிந்து, தன் பேரைத் தானே மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை குரல் உடைந்துவிட்டது. மயில்சாமிக்கு என்ன நடந்தது என்று ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமலே அவன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மணியகாரர் நோட்டைத் திறந்து பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, "கடைசியா என்ன எழுதறது? ஆத்தாளா, அம்மாளா? நடுவுல ராஜம்மாள் வருதா இல்லியா?" என்று மயில்சாமியைக் கேட்டார்.

"வள்ளியாத்தாள்னு எழுதுங்க" என்றாள் சௌந்திரம், கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று. "நடுவுல வேற பேரு வேண்டாமுங்க. இதையே கூப்பிட்டுக்கறேன்."

சின்னாயி கையை எடுத்து வாயில் வைத்தாள். இனி இந்தப் பேச்சு திருச்செங்கோட்டுச் சந்தை வரைக்கும் போகும் என்பது சௌந்திரத்துக்குத் தெரியும். போகட்டும் என்றிருந்தது. மணியகாரர் அவளையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதினார். கட்டத்தில் தாராளமாக இடமிருந்தது.

பிறகு பந்தி போட்டார்கள். ஆட்கள் எழுவதும் உட்காருவதுமாக வாசல் கலகலவென்றிருந்தது. பையன் கையில் ஒரு முறுக்கோடு, காலைச் சாய்த்துச் சாய்த்து, கூட்டத்துக்கு நடுவே புகுந்து வெளிவாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தான். அங்கே ஆபத்து ஒன்றும் இல்லை. இரண்டு ஆட்டுக்குட்டிகள் கட்டிக் கிடந்தன, அவ்வளவுதான். சௌந்திரம் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அர்த்தநாரி" என்று கூப்பிட்டாள்.

அவள் பெரிதாகச் சத்தம் போடவில்லை. ஒரு தடவைதான் கூப்பிட்டாள். வாசல் நிறைய ஆட்கள் இருந்தும் வேறு யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவன் ஒருவன்தான் எடுத்த காலை வைக்காமல் அப்படியே நின்று திரும்பினான்.

"ஏம்மா?" என்றான்.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவன் முறுக்கைக் கடித்துக்கொண்டு, எதற்குக் கூப்பிட்டாள் என்று காத்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்ல" என்றாள் சௌந்திரம். "சும்மாதான் கூப்பிட்டேன்."